எதிர்ச்சுவருக்குப் போனவர்

பேருந்துப் பணிமனையில் அவரை எல்லோரும் பிரேக்குக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டிக்கு அடியில், பள்ளத்துக்குள் இறங்கி நின்று, தலைக்கு மேலே தொங்கும் சக்கரங்களை அண்ணாந்து பார்த்தே பாதி ஆயுளைக் கழித்தவர். தேய்ந்த பிரேக் கட்டையை விரல் நுனியால் தடவிப் பார்ப்பார். "இன்னும் கொஞ்ச நாள் ஓடும்ணே" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாமல் கழற்றி எறிவார். வண்டி ஓடாவிட்டால் ஜனங்கள் திட்டுவார்கள், நிற்காவிட்டால் செத்துப்போவார்கள் என்பது அவர் கணக்கு. அரசியலிலும் அவருக்கு அதே கணக்குத்தான்.

அவரைக் கட்சிக்குள் இழுத்துவந்தது மச்சான், மனைவியின் அண்ணன். இரண்டு தெரு தள்ளி ரொட்டிக்கடை வைத்திருந்தார். தங்கையைப் பெண் கேட்டு வந்த பிரேக்குக்காரரிடம் வேலையைப் பற்றிக் கேட்காமல், "போன தேர்தல்ல யாருக்குப் போட்டே?" என்று கேட்டவர். பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. அன்று இருவரும் போட்ட சண்டையில் சாப்பாடு ஆறிப்போயிற்று. ஆனால் வந்தவர் போனதும், "எதிர்த்துப் பேசற ஆளு. தங்கச்சி வாழ்க்கை போரடிக்காது" என்று சம்மதம் சொல்லிவிட்டார்.

தங்கச்சிக்குப் போரடித்ததோ இல்லையோ, அந்த இருவருக்கும் முப்பது வருஷம் போரடிக்கவில்லை. வேலை முடிந்து, கைக்கரியைக் கழுவிக்கொண்டு பிரேக்குக்காரர் நேரே ரொட்டிக்கடைக்குப் போவார். மச்சான் மாவு அப்பிய கையை ஆட்டி ஆட்டிப் பேசுவார். எதிரில் நிற்பவரின் சட்டையெல்லாம் வெள்ளையாகிவிடும்.

"பிரேக் பிடிக்கறதே உனக்குப் பொழப்பாப் போச்சு மாப்பிள்ளை. வண்டி நகரணும்னு ஒரு நாளாவது நினைச்சிருக்கியா?"

"நகரட்டும் மச்சான். எங்கே போய் முட்டும்னுதான் பாக்கறேன்."

"தங்கச்சி! இந்த ஆளு உன்னைக் கட்டிக்கச் சம்மதிச்சதே அதிசயம்தான்."

"இன்னும் யோசிச்சுக்கிட்டுதான் இருக்கார் அண்ணே" என்பாள், ரொட்டி வாங்க வந்த அவள்.

அந்த வருஷம், ஜனாதிபதித் தேர்தலில் கட்சி யாரை நிறுத்துவது என்ற பேச்சு எழுந்தது. ஒவ்வொரு கிளையும் கூடி விவாதித்து, தன் முடிவைச் சொல்ல மாநாட்டுக்கு ஒருவரை அனுப்ப வேண்டும். போட்டியில் இருவர். ஒருவர் மந்திரியாக இருந்த அம்மாள். நிதானமானவர், எதிர்க்கட்சிக்காரர்கள்கூட மரியாதையாகப் பேசுவார்கள். மற்றவர் வாத்தியார். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுக் கட்சிக்கு வந்தவர், மேடையேறினால் கூட்டம் மூச்சு விடாது. பிரேக்குக்காரர் அம்மாள் பக்கம், மச்சான் வாத்தியார் பக்கம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அவர்கள் கிளையில் சீட்டுப் போடுவதும் கிடையாது, கை தூக்குவதும் கிடையாது. செருப்புக்கடைக்கு மேலே இருந்த நீள அறையில் பேச்சு முடிந்ததும், ஒரு வேட்பாளருக்கு வேண்டியவர்கள் ஜன்னல் சுவரோரமும் மற்றவருக்கு வேண்டியவர்கள் எதிர்ச்சுவரோரமும் போய் நிற்பார்கள். கிளைத்தலைவி "போதும்" என்று சொல்கிறவரை யாரும் சுவர் மாறலாம். மாறுகிறவரைக் கேலி செய்யக் கூடாது. ஆனால் ஒரு பக்கத்துக்காக எழுந்து பேசியவர் மட்டும் மாற மாட்டார். யாரும் போட்ட சட்டமில்லை, அப்படியே பழகிவிட்டது. கூட நிற்க ஆளில்லாவிட்டாலும் தன் சுவரில் நின்றுதான் தோற்பார். மச்சான் அப்படிப் பலமுறை தனியாக நின்றிருக்கிறார், கையைக் கட்டிக்கொண்டு, அது தன் சொந்த வீட்டுச் சுவர் மாதிரி.

அவர் குரல் சில மாதங்களாகவே கம்மியிருந்தது. மாவுத்தூசி என்று சொல்லிச் சொல்லி நாளைக் கடத்தினார். கடைசியில் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது குரல்வளையில் கட்டி. குரல்வளையையே எடுத்தாக வேண்டும், உயிர் தங்கும், குரல் தங்காது என்றார்கள். கிளைக் கூட்டம் முடிந்த அடுத்த வாரம் ஆபரேஷன்.

"ஏங்க, அண்ணன் பேசப் போற கடைசிக் கூட்டம் இது" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே. "இந்த ஒரு தடவை விட்டுக்குடுத்துடுங்களேன்."

"இதென்ன தாயக்கட்டமா? நாட்டுக்கு யாரு ஜனாதிபதின்னு..."

"செருப்புக்கடை மாடியில சொல்றதைக் கேட்டுத்தான் நாடு நடக்குதாக்கும்? ஒரு தடவையாவது ஜெயிச்ச சந்தோஷத்தோட போகட்டும்ங்க." மடித்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தாள்.

வாத்தியாரை மடக்கப் பிரேக்குக்காரரிடம் ஒரு கேள்வி தயாராக இருந்தது. வாத்தியார் இதற்குமுன் வகித்த இரண்டு பதவிகளையும், கோபித்துக்கொண்டு பாதியில் உதறிவிட்டுப் போனவர். பாதி வழியில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப்போகிற டிரைவரை நம்பி எப்படி ஏறுவது? பேருந்துக்கு அடியில் நின்று பல நாள் தீட்டிய கேள்வி அது.

கூட்டத்தன்று அதை அவர் கேட்கவில்லை. அம்மாளின் அனுபவத்தைப் பற்றி நாலு வாக்கியம் சொன்னார், தண்ணீர் குடித்தார், உட்கார்ந்துவிட்டார். "அவ்வளவுதானா?" என்றார் கிளைத்தலைவி. அவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர், எல்லாக் குழந்தையும் ஏறிவிட்டதா என்று பார்க்கிற பார்வை அவருக்கு.

"அவ்வளவுதான்க்கா."

மச்சான் எழுந்தார். குரல் காற்றாகத்தான் வந்தது. கேட்பதற்காக எல்லோரும் நாற்காலிகளை முன்னுக்கு இழுத்துப் போட்டார்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நிறுத்தி, பிரேக்குக்காரரையே பார்த்தார். வழக்கமாக அங்கேதான் குறுக்கே ஒரு வெட்டு விழும். ஒன்றும் விழவில்லை. "ஏதாவது கேளு மாப்பிள்ளை" என்று ஒருமுறை வாய்விட்டே சொன்னார். சிலர் சிரித்தார்கள். பிரேக்குக்காரர் தன் நகக்கண்ணில் இருந்த கரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சு முடிந்து ஆட்கள் பிரிந்தார்கள். இரண்டு சுவரிலும் ஏறக்குறைய சமமான கூட்டம். கிளைத்தலைவி வாய் திறக்குமுன் பிரேக்குக்காரர் ஜன்னல் சுவரை விட்டு நகர்ந்தார். காலியாய்க் கிடந்த நாற்காலிகளுக்கு நடுவே நடந்து எதிர்ச்சுவருக்குப் போய் மச்சானுக்குப் பக்கத்தில் நின்றார். பிறகு அம்மாள் பக்கத்து ஆட்களும் ஒவ்வொருவராக, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, அவர் பின்னால் வந்தார்கள். மச்சானுடைய தொண்டையைப் பற்றி அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஜன்னல் சுவரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

"போதும்" என்றார் கிளைத்தலைவி, மெதுவாக.

மச்சான் அந்த வெறும் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். யாரோ கைதட்ட ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார்கள்.

படிக்கட்டில் இறங்கும்போது மச்சான் கேட்டார்: "வாத்தியார் பாதியில போன விஷயத்தை ஏன் கேக்கலை?"

"மறந்துட்டேன் மச்சான்."

"பொய் சொல்லாதே. அதை நீ கேப்பேன்னுதான் நான் வந்தேன். அதுக்குப் பதில் வச்சிருந்தேன். நல்ல பதில்."

"இப்ப சொல்லுங்க மச்சான்."

"யாருகிட்ட? எதிர்ல ஆளே இல்லையே." கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "நான் செத்தா அழு, வேணாங்கலை. உசுரோட இருக்கறப்போ எனக்கு ஏன் மாலை போடறே?"

அடுத்த நாள் பிரேக்குக்காரர் பணிமனையிலிருந்து நேரே ரொட்டிக்கடைக்குப் போனார். மச்சான் நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க. என்ன வேணும் உங்களுக்கு?"

முப்பது வருஷத்தில் மாப்பிள்ளையை அவர் 'வாங்க' என்றதில்லை. ஒரு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டு, பின்னால் நின்ற பெண்ணிடம் "சொல்லுங்கம்மா" என்றார். மறுநாளும் அப்படித்தான். ஆபரேஷன் வரைக்கும் அப்படியேதான். மிச்சமிருந்த கொஞ்சநஞ்சக் குரலை மாவு கொண்டுவருகிறவனுக்கும், காசு கொடுக்கிறவர்களுக்கும், தெருவில் போகிறவர்களுக்கும் செலவழித்தார். பிரேக்குக்காரருக்கு ரொட்டிதான் கிடைத்தது.

"நான்தான் விட்டுக்குடுக்கச் சொன்னேன்னு அண்ணன்கிட்ட சொல்லிடறேன்" என்று மனைவி அழுதாள்.

"வேணாம். அப்புறம் உன்னோடயும் பேசமாட்டார். சொன்னது நீ, நடந்து போனது என் காலு. விடு."

மாநாட்டுக்குக் கிளைத்தலைவி போனார். அங்கே அம்மாள் ஆட்களும் வாத்தியார் ஆட்களும் இரவு பகலாக இழுபறி நடத்தி, முடிவில் யாருமே நினைத்துப் பார்க்காத மூன்றாவது ஆள் ஒருவரை வேட்பாளராக அறிவித்தார்கள். அந்தச் செய்தி ஆஸ்பத்திரித் தொலைக்காட்சியில் ஓடியபோது மச்சான் படுக்கையில் சாய்ந்திருந்தார். கழுத்தில் துளை, அதன்மேல் ஈரத்துணி. அதன் வழியாகத்தான் மூச்சு போய் வந்தது. தங்கை ஒரு சிலேட்டு வாங்கி வைத்திருந்தாள். 'தண்ணி', 'ஜன்னல்' என்று அதில் எழுதிக் காட்டுவார்.

பிரேக்குக்காரர் நாற்காலியை இழுத்து நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். மச்சான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது.

"உங்க வாத்தியார் ரெண்டு தடவை பாதியில ஓடினவர்" என்று ஆரம்பித்தார். வேண்டுமென்றே குரலை உயர்த்தினார். "நடுரோட்டுல வண்டியை விட்டுட்டு இறங்கிப் போற டிரைவரை நம்பி ஊரையே ஏத்தணும்கறீங்களா? சொல்லுங்க மச்சான்!"

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். மச்சானின் கண்கள் விரிந்தன. வாய் திறந்தது, கை மேலெழுந்தது. உதடுகள் வேகவேகமாக அசைந்தன. கழுத்துத் துணி மட்டும் படபடத்தது. பிரேக்குக்காரர் குனிந்து உதடுகளையே பார்த்தார். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. முப்பது வருஷமாகக் கேட்ட ஆள்தான். ஆனாலும் இந்தக் கேள்விக்கு என்ன சொல்வார் என்று ஊகிக்க முடியவில்லை. எப்போதுமே ஊகிக்க முடிந்ததில்லை. அதற்காகத்தானே தினமும் போனார்.

மச்சான் சிலேட்டை எடுத்தார். இரண்டு சொல் எழுதினார். உள்ளங்கையால் அழித்தார். மறுபடி எழுதி, மறுபடி அழித்தார். சாக்கட்டி ஒடிந்தது.

நர்ஸ் வந்தாள். "நேரமாச்சு. பேஷண்டைப் பேச வைக்காதீங்க, கிளம்புங்க."

"கொஞ்சம் இருங்கம்மா" என்றார் பிரேக்குக்காரர், எழுந்திருக்காமல். "நான் கேட்டுட்டேன். இப்ப அவரோட முறை."