டைனா வீட்டு முன்கதவு

சுவருக்கு அந்தப் பக்கம் தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் கேட்டது.

நான் அடுப்படியில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். எங்கள் வரிசை வீடுகளில் ஒரே ஒரு செங்கல் சுவர்தான் இரண்டு குடும்பங்களைப் பிரிக்கும். அடுத்த வீட்டில் யார் இருமினாலும் எந்த அறையில் இருமுகிறார்கள் என்று சொல்லிவிடலாம். அந்தச் சத்தம் டைனா ஃபியரன் வீட்டு முன்னறையிலிருந்து வந்தது. துருப்பிடித்த இரும்பு முனகியது, நின்றது, மறுபடியும் முனகியது. பிறகு கதவைத் தோளால் இடித்துத் திறக்கும் ஓசை.

என் கையிலிருந்த கத்தி தொட்டிக்குள் விழுந்தது.

எங்கள் நிலக்கரிச் சுரங்க ஊரான ஸ்கார்பெக்கில் முன்கதவை யாரும் திறப்பதில்லை. பால்காரர், டாக்டர், போதகர் எல்லாருக்கும் பின்வாசல்தான். முன்கதவு வழியாக மணப்பெண் போவாள். சவப்பெட்டி போகும். டைனா வீட்டில் மணப்பெண் கிடையாது. ஆனால் மாடியில் அவளுடைய கொழுந்தன் ஜாஸ், சனிக்கிழமை ரக்பி ஆட்டத்தில் விலாவில் அடிபட்டு நாலு நாளாகப் படுத்திருந்தான்.

நான் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினேன். எதிர்வீட்டு ஹில்டா அதைப் பார்த்தாள், தன் திரையை மூடினாள். அவளுக்கு அடுத்த வீட்டிலும் மூடினார்கள். எங்கள் ஊரில் சாவுச் செய்தி இப்படித்தான் போகும். கால்மணி நேரத்தில் தெரு முழுவதும் கண்ணை மூடிக்கொண்டது. 1949, பிப்ரவரி மாதம், பகல் மூன்று மணி.

டைனாவுக்கு இன்னொரு அடியா என்று நினைத்தேன். அவள் ஏற்கெனவே பட்டது எனக்குத் தெரியும்.

பதினாலு வயதிலேயே அவள் சுரங்க வாசலில் நிலக்கரி பொறுக்கப் போனவள். ஓடும் பட்டையிலிருந்து கல்லைப் பிரித்தெடுக்கும் வேலை. பத்து வருஷம் அந்த வேலை பார்த்ததில் அவள் தோள் ஆம்பிளைத் தோள் மாதிரி ஆகிவிட்டது. அந்தத் தோளைப் பார்த்துத்தான் ஐசக் ஃபியரன் அவளைக் கட்டிக்கொண்டான் என்று ஊரில் கேலி செய்வார்கள். "ரக்பில தோள் முட்டித் தள்ளுற ஸ்க்ரம்முக்கு ஆள் தேடினேன், பொண்டாட்டி கெடச்சா" என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

போர் முடிந்த வருஷமே ஐசக்குக்கு ஒரு ஆசை பிறந்தது. ஊரில் சுரங்க மேனேஜர் கூட்டத்தார் ஆடும் பதினைந்து பேர் ரக்பிதான் இருந்தது. எங்கள் ஆட்களுக்குப் பிடித்தது பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக். அதற்கு ஒரு கிளப் வேண்டும் என்றான். மதுக்கடையின் பின்னறையை வேட்டைநாய்ப் பந்தயக்காரர்கள் பிடித்து வைத்திருந்தார்கள். தேவாலயக் கூடத்தில் பந்து என்ற சொல்லையே எடுக்க முடியாது. அதனால் ஸ்கார்பெக் ரோவர்ஸ் டைனாவின் அடுப்படியில் பிறந்தது. முதல் கூட்டத்துக்கு ஒன்பது பேர் வந்தார்கள். நாற்காலி நாலுதான். மிச்சப் பேர் கரித்தொட்டி மேலும் படிக்கட்டிலும் உட்கார்ந்தார்கள்.

"எதுக்குடா உனக்கு இது?" என்று டாம் பிராக்கன் கேட்டான். முன்வரிசை ஆள், மாடு மாதிரி கழுத்து, எதையும் கேட்டுவிட்டுத்தான் செய்வான்.

"குளிர்காலத்துல நாம சூரியனப் பாக்குறோமா? இருட்டுல எறங்குறோம், இருட்டுல ஏறுறோம். சனிக்கெழம மத்தியானம் ஒருநாளாவது வெளிச்சத்துல நிக்கலாம்னுதான்" என்றான் ஐசக்.

துணிக்கு அப்போது ரேஷன் கூப்பன் வேண்டும். ஆனால் போர்க்காலத்தில் ஜன்னல்களை மறைத்த கறுப்புத் துணி வீட்டுக்கு வீடு சும்மா கிடந்தது. டைனா அதையெல்லாம் வாங்கி வந்து பதின்மூன்று ஜெர்ஸி தைத்தாள். நெஞ்சுக்குக் குறுக்கே மாவுப்பையைக் கிழித்து ஒரு வெள்ளைப் பட்டை. முதல் ஆட்டத்தன்றே மழை பிடித்தது, சாயம் இறங்கியது. பசங்கள் களத்தைவிட்டு வந்தபோது நேராகச் சுரங்கத்திலிருந்து வந்தவர்கள் போல இருந்தார்கள். முப்பது பாயிண்டில் தோற்றிருந்தார்கள். டைனா தன் அடுப்படியில் இரண்டு தகரத் தொட்டிகளில் வெந்நீர் நிரப்பி வைத்திருந்தாள். எதிரிக் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்து ட்ரை போட்டவன் முதலில் குளிக்கலாம், தடுக்காமல் விட்டவன் கடைசி அழுக்குத் தண்ணீரில் குளிக்க வேண்டும் என்பது அவள் வைத்த சட்டம்.

அவள் ஆட்டம் பார்த்ததே இல்லை. வெந்நீர்க் கொப்பரையை யார் பார்ப்பது? ஆனால் திங்கட்கிழமை துவைக்கும்போது எல்லாம் தெரிந்துவிடும் அவளுக்கு. ஜெர்ஸியில் எங்கே கிழிசல், எங்கே சேறு என்று பார்த்தே யார் எப்படி ஆடினான் என்று சொல்வாள்.

"என்ன டாம், உன் சட்டைல பொட்டு மண்ணக் காணோமே. ரக்பிக்குப் போனியா, இல்ல போதகர் வீட்டு டீக்குப் போனியா?"

"நா கீழ விழல டைனா."

"நீ விழல. நீ தடுக்க வேண்டியவனும் விழல, அதான் தோத்துட்டீங்க."

இப்படி ஒரு வருஷம்தான். இரண்டாவது வருஷம் நவம்பரில் சுரங்கக் கூரை இடிந்தது. ஐசக்கை வெளியே எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. அவன் சவப்பெட்டிக்காகத்தான் அந்த முன்கதவு கடைசியாகத் திறந்தது. பெட்டி மேல் அவனுடைய கறுப்பு ஜெர்ஸியை விரித்துப் பன்னிரண்டு பேரும் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்து டைனா தாழ்ப்பாளைப் போட்டாள். அந்தத் திங்கட்கிழமை மற்ற பன்னிரண்டு ஜெர்ஸிகளையும் வழக்கம்போல் துவைத்துக் கொடியில் போட்டாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அழுதேன். அவள் அழவில்லை.

அண்ணனுடைய ஆறாம் நம்பரைத் தம்பி ஜாஸ் போட்டுக்கொண்டான். பந்து அவன் கைக்குப் போனால் கூட்டம் வாயடைத்து நிற்கும், அப்படி ஓடுவான். ஆனால் அண்ணன் செத்த அதே சுரங்கத்தில் அவனும் இறங்கினான். "மேல வேற வேல பாரு ஜாஸ்" என்று டைனா இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் சிரித்து மழுப்புவான். அண்ணியையும் கிளப்பையும் விட்டுவிட்டுப் போக மாட்டான் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். கிளப்பிலும் ஆள் இல்லை. சரியாகப் பதின்மூன்று பேர். இன்னொரு தடவை ஆள் குறைந்தால் பட்டியலிலிருந்து பேரை எடுத்துவிடுவோம் என்று மாவட்டக் கமிட்டி கடிதம் போட்டிருந்தது. அந்தக் கடிதத்தை டைனா ஐசக்கின் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள்.

இதெல்லாம் நினைத்துக்கொண்டுதான் அன்று நான் திரையை மூடினேன்.

பரணில் ஒரு பன்றி இறைச்சி டின் வைத்திருந்தேன். போர் நடந்தபோது வந்தது. சாவு வீட்டில் இறைச்சி வைக்காமல் டீ கொடுத்தால் செத்தவருக்கு மரியாதை இல்லை. என் சொந்தச் சாவுக்கென்று ஒளித்து வைத்திருந்த அந்த டின்னை ஜாஸுக்காக எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனேன். சந்தில் டாம் பிராக்கன் வந்துகொண்டிருந்தான். அவன் பின்னால் கிளப்பில் ஆடும் வில்ஃபும் இன்னும் நாலு பேரும். எல்லார் கழுத்திலும் கறுப்பு டை, கையில் தொப்பி.

டைனா கையில் டீப்பாத்திரத்தோடு அடுப்படி நடுவில் நின்றாள். எங்களைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. முன்னறைக் கதவு சாத்தியிருந்தது.

டாம் தொண்டையைச் செருமினான். "டைனா, நீ ஒண்ணும் பேச வேணாம். வர்ற வழியிலயே நாங்க முடிவு பண்ணிட்டோம். கிளப்ப மூட மாட்டோம். வில்ஃபோட அண்ணன் ஆல்பர்ட் எறங்குறேன்னுட்டான்."

"அண்ணனுக்கு நாப்பத்திரெண்டு வயசு. ஒரு முட்டி மடங்காது" என்றான் வில்ஃப்.

"முட்டி மடங்காட்டி என்ன, நின்னுட்டே தடுப்பான். சனிக்கெழம பதிமூணு பேர் எறங்குவோம். ஐசக் ஆரம்பிச்சது நின்னு போகாது. ஜாஸோட எடத்துல நாங்க எல்லாரும் சேந்து ஓடுவோம். பாவம், நல்ல பையன்."

டாமின் கண்ணில் தண்ணீர் நின்றது. நான் ஏப்ரன் நுனியில் மூக்கைத் துடைத்தேன். அப்போது முன்னறைக் கதவு திறந்தது. விலாவில் கட்டோடு, வாயில் ரொட்டியோடு ஜாஸ் வந்து நின்றான்.

"யாரு செத்தது?"

வில்ஃபின் தொப்பி கீழே விழுந்தது.

"நீதான்" என்றான் டாம்.

"நானா? யாரு சொன்னா?"

ஆறு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"முன்கதவு தொறந்த சத்தம் கேட்டுச்சு. நா தெரை போட்டேன். நா போட்டேன்னு ஹில்டா போட்டா" என்றேன். கையில் இருந்த டின்னை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை.

"பெல்லாக்கா, எனக்காகவா அந்த டின்ன எறக்குனீங்க? இப்பத்தான் என் மதிப்பு எனக்கே தெரியுது" என்றான் ஜாஸ். சிரிக்கப் போய் விலாவைப் பிடித்துக்கொண்டான்.

அவனுக்குப் பின்னால் இன்னொருவர் எழுந்து நின்றார். நல்ல ஓவர்கோட், மேசை மேல் தொப்பி, தோல் பை. பேர் ஹால்ஸ்வொர்த். லங்காஷயரில் ஒரு பெரிய கிளப்புக்கு ஆள் பொறுக்குபவர். வெளியூர்க்காரர் ஆகையால் முன்கதவைத் தட்டியிருக்கிறார். டைனாவும் திறந்திருக்கிறாள்.

அவர் ஜாஸைக் கூட்டிக்கொண்டு போக வந்திருப்பதைப் புரியவைக்க யாரும் பேச வேண்டியிருக்கவில்லை. அந்தப் பையைப் பார்த்ததும் எங்கள் ஆட்களின் முகம் மாறிவிட்டது. ஒவ்வொருவராக டையைத் தளர்த்தினார்கள்.

"இதுக்கு நீ செத்தே போயிருக்கலாம்" என்றான் டாம். கேலியாகத்தான் சொன்னான், யாரும் சிரிக்கவில்லை.

"நா இன்னும் கையெழுத்துப் போடல. அண்ணி சொல்லட்டும்னு சொல்லியிருக்கேன்" என்றான் ஜாஸ்.

டீ போடுகிறேன் என்று சொல்லிவிட்டு டைனா அடுப்படிக்கு வந்து நின்றது யோசிக்கத்தான். ஒரு பக்கம் ஐசக்கின் படம், அதற்குப் பின்னால் கமிட்டியின் கடிதம். இன்னொரு பக்கம், அந்த இருட்டுக்குள் ஜாஸ் இனி இறங்க வேண்டாம் என்ற வார்த்தை. இரண்டு வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தது அவள் மூடிவைத்த கதவையே தட்டிக்கொண்டு வந்திருந்தது. அதற்கு விலையாக அவள் கணவனின் கிளப்பைக் கேட்டு வந்திருந்தது.

டீப்பாத்திரத்தை அடுப்பு மேல் வைத்துவிட்டு அவள் ஹால்ஸ்வொர்த்தைக் கேட்டாள்.

"ஆடுறது சரி. மத்த நாள்ல இவனுக்கு என்ன வேல?"

"கம்பித் தொழிற்சாலைல, மிஸஸ் ஃபியரன். பகல் வேல."

"ஜன்னல் இருக்குமா?"

அவருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. "கூரையே கண்ணாடிதான்" என்றார்.

டைனா டாம் பக்கம் திரும்பினாள். "பத்து நிமிஷத்துக்கு முன்னாடி என்ன சொன்ன? ஆல்பர்ட் எறங்குவான், பதிமூணு பேர் ஆடுவோம்னு சொன்னியா இல்லியா?"

"அது, பையன் போயிட்டான்னு நெனச்சு..."

"செத்தாத்தான் ஆடுவீங்க. பொழச்சு இருந்தா ஆட மாட்டீங்களா?"

டாமின் மாட்டுக் கழுத்து காதுவரை சிவந்தது. வில்ஃபைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். கடைசியில் டையை முழுசாக அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டான்.

"ஆடுவோம்" என்றான்.

"அண்ணி, இது அண்ணனோட கிளப்" என்றான் ஜாஸ்.

"உங்கண்ணன் எதுக்கு ஆரம்பிச்சாருன்னு இந்த டாமக் கேளு. உன்ன வெளிச்சத்துல நிக்க வைக்கிறதுக்குத்தான் ஆரம்பிச்சாரு. போடு கையெழுத்த."

இஸ்திரி போட்டு அடுக்கி வைத்திருந்த ஜெர்ஸிகளைத் தள்ளிவிட்டு, அடுப்படி மேசை மேலேயே ஜாஸ் கையெழுத்துப் போட்டான். அண்ணி பக்கம் பார்க்காமல் போட்டான். அவளும் அவனைப் பார்க்கவில்லை. ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்தாள். என் டின்னை டாம் திறந்தான். எல்லாரும் நின்றபடியே சாப்பிட்டோம், ஹால்ஸ்வொர்த் உட்பட. எனக்கென்று வைத்திருந்தது நன்றாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை ஆல்பர்ட் மடங்காத முட்டியோடு இறங்கினான். ரோவர்ஸ் தோற்றது. ஆனால் களத்தில் பதின்மூன்று பேர் இருந்தார்கள். அந்தப் பருவம் முழுவதும் இருந்தார்கள். அடுத்த பருவத்தில் புதிதாக ஐந்து பேர் வந்து சேர்ந்தார்கள், டைனா இன்னும் ஐந்து ஜெர்ஸி தைத்தாள். ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது.

அன்றைக்கு, டீ குடித்து முடித்த ஹால்ஸ்வொர்த் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்த வழியே முன்னறைக்குப் போனார். டைனா அவரை முந்திக்கொண்டு போய்த் தாழ்ப்பாளைத் தள்ளிப் பூட்டினாள். இந்த முறை அது முனகாமல் போய் விழுந்தது.

"இந்த வழியாப் போறவங்க எங்க வீட்டுக்குத் திரும்பி வர்றதில்ல சார். நீங்க மாசம் ஒருதடவ வந்து பையன் எப்படி இருக்கான்னு எனக்குச் சொல்லணும். பின்பக்கமாப் போங்க."

அவர் தலையாட்டிவிட்டு, டாமையும் வில்ஃபையும் கரித்தொட்டியையும் தாண்டி, சேறு காய்ந்த பதின்மூன்று ஜோடி பூட்ஸ்களுக்கு நடுவே கவனமாகக் கால் வைத்துப் பின்வாசலுக்குப் போனார். படியில் நின்று தொப்பியை லேசாக உயர்த்தினார்.

"அடுத்த மாசம் வர்றேன், மிஸஸ் ஃபியரன்."

"தட்ட வேணாம். தொறந்துதான் இருக்கும்" என்றாள் டைனா.

அவர் சந்து திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, குளிர் உள்ளே வருகிறது என்று சொல்லி, கதவைச் சாத்தினாள்.