சோம்பைப் பிளந்து மென்றவர்

உப்பலில் ஒரு ஜூனியர் காலேஜில் நான் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்தபோது, அதே பாடத்தின் இன்னொரு பிரிவுக்கு விரிவுரையாளராக அவர் வந்தார். லாலாகுடா ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த தமிழ்ப் பெண்மணி. குட்டையான உருவம், எண்ணெய் மினுங்கும் இறுக்கமான கொண்டை. சாப்பிட்டதும் டப்பாவிலிருந்து சோம்பை எடுத்து, ஒவ்வொன்றையும் நகத்தால் இரண்டாகப் பிளந்துதான் வாயில் போடுவார்.

"விதைன்னு சொல்றோம், முழுசா ஒரு பழம் சார் இது. ரெண்டா பிரியறதுக்குன்னே பொறந்தது" என்பார்.

எனக்கு எரிச்சலாக வரும். அது எனக்குத் தெரியாதா?

ஊரே கம்ப்யூட்டர் படிக்க ஓடிய காலம். எங்கள் பாடத்துக்கு வந்த கொஞ்சம் பேரும் அவர் வகுப்பில்தான் சிரித்தார்கள். பிரியாணி மசாலாவை மேசையில் கொட்டி, கேரட்டின் தாவரக் குடும்பத்துச் சொந்தக்காரர்களைப் பொறுக்கச் சொல்வாராம். சோம்பு, பிரியாணிச் சீரகமான ஷாஜீரா, தனியா எல்லாம் சரி. அன்னாசிப்பூவையும் சேர்த்து எடுத்தவர்கள் மாட்டிக்கொள்வார்கள். வாசனை சோம்புதான், உறவே கிடையாது. நானோ சோம்பின் குடைப்பூவைக் காம்பு காம்பாகக் கரும்பலகையில் வரைவேன். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன். "மேடம், இது காலேஜா, கிச்சனா?"

அவர் கோபப்படவில்லை. "ஹவ் சார், கிச்சன்தான், என்ன பண்றது? எனக்கு ஒரு கோடுகூட நேரா வராது. நீங்க வரைஞ்ச குடைப்பூவை ஜன்னல் வழியா பார்த்துட்டுப் போய்தான் மசாலா வாங்கினேன். உங்க கைமேல எனக்கு அவ்ளோ பொறாமை" என்று சொல்லி, பிளந்த சோம்பில் ஒரு பாதியை என்னிடம் நீட்டினார்.

வாங்கி மென்றேன். பொறாமையைக்கூட இத்தனை சுலபமாகச் சொல்ல முடிகிறதே இவரால் என்று, அதற்கும் சேர்த்து வயிறு எரிந்தது.