உடன்பிறந்தவர்கள் என்பதால் செலவுத்தொகை இல்லை

1. நான் சொன்ன பொய்

வக்கீல் குமாஸ்தாவாக முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். கட்சிக்காரர்களிடம் நான் அதிகம் சொன்ன பொய் எது என்று கேட்டால் யோசிக்கவே வேண்டாம். "ஜெயிச்சா, ஆன செலவையெல்லாம் எதிர்த்தரப்புகிட்டேருந்து வாங்கிடலாம்." பொய் என்று தெரியாமல் சொன்னது முதல் சில வருஷம். மீதி வருஷமெல்லாம் தெரிந்தேதான் சொன்னேன்.

ஜமீலாவிடமும் தெரிந்தேதான் சொன்னேன். குடவாசல் பக்கம் தையல் கடை வைத்திருந்தவர். கணவர் இல்லை, இரண்டு பெண்கள். அவருடைய அத்தா இறப்பதற்கு முன்னால் கடைக் கட்டடத்தை மகள் பேருக்குத் தானமாகப் பதிவு செய்து கொடுத்திருந்தார். சிங்கப்பூரில் இருந்த அண்ணன், அத்தாவுக்கு நினைவு தப்பியிருந்தபோது ஏமாற்றி வாங்கிய பத்திரம் அது என்று கேஸ் போட்டார். சம்மனோடு எங்கள் ஆபீசுக்கு வந்த ஜமீலா, வக்கீல் சொன்ன ஃபீசைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"அண்ணே, இவ்வளவு செலவு பண்ண எங்கிட்ட என்ன இருக்கு?"

"பயப்படாதீங்கம்மா. பத்திரம் பக்காவா இருக்கு. கேஸ் தள்ளுபடி ஆனா உங்க செலவை உங்க அண்ணன்தான் கட்டணும். ரசீதெல்லாம் பத்திரமா வைங்க."

மறுநாளே வளையலை அடகு வைத்துப் பணம் கொண்டுவந்தார். வக்கீல் வாங்கிக்கொண்டார். அதற்கு ரசீது கிடையாது.

2. ஒன்பது வருஷம்

அண்ணன் ஒரு வாய்தாவுக்குக்கூட வரவில்லை. அவருக்குப் பவர் ஏஜெண்ட் இருந்தார். ஏஜெண்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் வாய்தா. சாட்சி வெளியூர் போயிருக்கிறார் என்றால் வாய்தா. பிரதிவாதியான ஜமீலா மட்டும் ஒவ்வொரு தடவையும் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறி வந்து, பேர் கூப்பிடும்வரை வராந்தாவில் நிற்பார். ரம்ஜானுக்கு முந்தின வாரம்தான் தையல் கடைக்கு வருமானம். இரண்டு வருஷம் அந்த வாரத்திலேயே வாய்தா விழுந்தது. துணி கொடுத்திருந்தவர்கள் வந்து திட்டிவிட்டு வேறு கடைக்குப் போனார்கள்.

சப்-ரிஜிஸ்தார் ஆபீசிலிருந்து சாட்சி வந்து சொன்னார். அத்தாவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் வந்து, "கையெழுத்துப் போட்டப்போ நல்லா பேசிட்டிருந்தாரு" என்றார். கேஸ் அங்கேயே முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும்.

ஆர்க்யுமெண்டுக்கு முதல் நாள் நான் வக்கீலிடம் போனேன். தோற்றவர் கட்ட வேண்டிய செலவுத்தொகைக்குக் கோர்ட்டில் காஸ்ட் என்று பேர். வக்கீல் ஃபீசும் அந்தக் காஸ்டில் சேர வேண்டுமென்றால், எவ்வளவு வாங்கினோம் என்று அவர் கையெழுத்திட்ட ஃபீஸ் சர்டிபிகேட்டைத் தீர்ப்புக்கு முன்னால் கோர்ட்டில் கொடுக்க வேண்டும்.

"சார், ஜமீலா கேசுக்கு ஃபீஸ் சர்டிபிகேட் டைப் பண்ணிட்டேன். கையெழுத்து போட்டுட்டீங்கன்னா..."

நிமிர்ந்து பார்த்தார். "யாரைக் கேட்டுய்யா டைப் பண்ணினே? இன்கம்டாக்ஸ்காரன் வந்தா நீயா பதில் சொல்வே?"

"அந்தம்மா காஸ்ட் வரும்னு நம்பிட்டிருக்காங்க சார்."

"கேசை ஜெயிச்சுக் கொடுக்கிறேன்ல? அது போதும், போ."

பேப்பரைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டேன். மறுநாள் முக்கால் மணி நேரம் நன்றாகத்தான் வாதாடினார். காஸ்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

3. தீர்ப்பு

கேஸ் தள்ளுபடி. ஜமீலா அழுதுவிட்டார். நகல் வந்ததும் கடைசிப் பாராவை நான்தான் படித்துக் காட்டினேன். "இரு தரப்பினரும் உடன்பிறந்தவர்கள் என்பதைக் கருத்தில் கொண்டு, அவரவர் செலவை அவரவரே ஏற்க வேண்டும்."

"அப்படின்னா?"

"காஸ்ட் இல்லைன்னு அர்த்தம்மா."

நகலை என் கையிலிருந்து வாங்கி மடித்துக்கொண்டே சொன்னார்: "என் பொண்ணு நிக்காவுக்குக்கூட அண்ணன் போன் பண்ணலை. இந்தச் செலவைக் கொடுக்கிறப்ப மட்டும் நாங்க உடன்பொறந்தவங்களாண்ணே?"

இரண்டே மாதத்தில் அண்ணன் அப்பீல் போட்டார். தோற்றும் அவருக்கு ஒரு பைசா நஷ்டமில்லை, ஏன் போட மாட்டார்? காஸ்ட் கேட்டு அதிலேயே நாம் எதிர் மனு போடலாம் என்றார் வக்கீல். அதற்குத் தனி ஃபீஸ் சொன்னார்.

ஜமீலாவிடம் அடகு வைக்க எதுவும் மிச்சமில்லை. ராஜியாகிவிட்டார். கட்டடத்தின் முன்பக்கம், அதாவது தெருவைப் பார்த்த கடை, அண்ணனுக்கு. பின்பக்கத்து அறை தங்கைக்கு. ஜெயித்த கேசில் பாதிக் கட்டடம் போனது. ராஜி மனுவை டைப் செய்ததும் நான்தான். கையெழுத்துப் போடும்போது ஜமீலா என்னைப் பார்க்கவில்லை. இப்போது சந்து வழியாகப் போய்த்தான் அவரிடம் துணி கொடுக்க வேண்டும். அதிகம் பேர் போவதில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். காஸ்ட் வரும் என்று கட்சிக்காரரிடம் வாய்விடாதீர்கள். யாரும் கேட்காத காஸ்டை ஜட்ஜ் தானாக எடுத்துக் கொடுப்பது அபூர்வம். கேட்க வேண்டியவர் வக்கீல். அவரை விடாமல் நச்சரித்துக் கேட்க வைக்க வேண்டியது குமாஸ்தா. நான் ஒரே ஒரு தடவை சொன்னேன், திட்டு வாங்கினேன், வாயை மூடிக்கொண்டேன். அடுத்த மாதம் முதல் தேதி என் சம்பளம் சரியாகக் கைக்கு வந்தது.