கூப்டுவான் பாரு

இத்தாலியச் சுற்றுலாப் பேருந்தில் அந்த அக்காவுக்கு என் பக்கத்து இருக்கை. ராயபுரத்தில் கருவாட்டு மொத்த வியாபாரம். எனக்குத் திருவொற்றியூர் என்றதுமே நான் 'நைனா' ஆகிவிட்டேன். பருத்த உடம்பு, பச்சைப் பட்டுப்புடவை, அதன்மேல் மகனுடைய கோட்டு.

எந்தக் கிராமத்தில் இறங்கினாலும் ஒரே பழக்கம்தான். விலை கேட்பார், பாதிக்குக் கேட்பார், படியாவிட்டால் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுவார். நம்மூரில் பத்தடி போவதற்குள் கடைக்காரர் கூப்பிட்டுவிடுவார். இங்கே சீஸ் கடைக்காரர் கூப்பிடவில்லை. ஆலிவ் எண்ணெய் விற்ற பெண் சிரித்துக்கொண்டே கையசைத்து வழியனுப்பினாள். பேருந்தே சிரித்தது.

"இன்னா ஜனங்க நைனா, யாவாரமே தெரில!"

கடைசிக் கிராமத்தில், தேவாலய வாசலில் ஓர் ஓவியர் திராட்சைத் தோட்டப் படங்களைப் பரப்பியிருந்தார். அக்கா பாதிக்குக் கேட்டார். ஓவியர் மறுத்தார். அக்கா நடந்தார்.

"பஸ் கெளம்புதுக்கா, வுடு" என்றேன்.

"நீ திரும்பாத. கூப்டுவான் பாரு."

பெரிய மைதானத்தைக் கடந்து பேருந்தில் ஏறி உட்கார்ந்தும்விட்டோம். ஓட்டுநர் கதவைச் சாத்தும்போது, ஓவியர் கத்திக்கொண்டே ஓடிவந்தார். கரித்துண்டால் வரைந்த ஒரு தாளை அக்காவிடம் நீட்டினார். காசு வேண்டாமென்று கையை ஆட்டினார்.

அக்கா அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். "கூப்டான் இல்ல? துட்டே வாங்காம கூப்டான்!"

பேருந்து முழுக்கக் கைதட்டல்.

மைதானத்தில் நடந்துபோகும் அக்காவின் முதுகுதான் படம். கூடவே நடந்த என்னைக் காணோம். திரும்பிப் பார்க்காத அந்தத் தலை மட்டும், ஒரு காதைப் பின்னால் கொடுத்து லேசாகச் சாய்ந்திருந்தது.