மேசைமேல் சூளகிரி

பட்டாளத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் கிருஷ்ணகிரியில் எனக்குப் பக்கத்து வீடு. முறுக்கு மீசை. ஈயத்தில் வார்த்த பொம்மைச் சிப்பாய்களைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டேதான் பேசுவார். ஞாயிறுதோறும் அவற்றை மேசையில் வைத்துப் புதுச் சண்டை விளையாட்டு ஒன்றை அமைத்து, என்னை எதிராளியாக உட்கார வைப்பார்.

அன்று மேசைமேல் இருந்தது என் ஊர் சூளகிரி. களிமண்ணில் மலை, அடிவாரத்தில் ஊர்ஜனங்களாகப் புளியங்கொட்டைகள்.

"நீ மலையைப் பிடிக்கணும். ஒரு சிப்பாய் விழுந்தா ரெண்டு புள்ளி போச்சு."

"ஊர்க்காரங்க செத்தா எவ்வளவுங்க சார்?"

"அதுக்கெல்லாம் புள்ளி கிடையாதுப்பா. தாயக்கட்டை உருட்ட இடைஞ்சல்," என்று கொட்டைகளைப் புறங்கையால் தரையில் தள்ளினார். கூடவே விழுந்த சிப்பாயை மட்டும் குனிந்தெடுத்துத் துடைத்தார்.

எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. மலையைப் பிடித்து ஜெயித்தேன். இன்றைக்கும் உறுத்துவது நான் ஜெயித்ததுதான்.