ஹோம்வர்க் வரும் குரூப்

இன்று பதுளையில் ஒரு போன் கடை. எனக்கு முன்னால் நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து அம்மா ஒருவர், எட்டாம் ஆண்டு படிக்கும் மகளோடு நின்றார்.

"தம்பி, இந்த கிளாஸ் குரூப்ப அழிச்சிருங்க. புள்ள சாப்பிடவே மாட்டேங்குது."

கடைக்காரர் குரூப்பைத் திறந்தார். லீவு நாளில் அம்மாவோடு கொழுந்துச் சாக்கு சுமந்த மகளின் படம். கீழே, தோட்டத்து லயன் வீட்டுப் பிள்ளை என்பதைக் குத்தி "லயத்துக் கழுதை" என்று யாரோ எழுதியிருக்க, வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

மகள் பதறினாள். "அழிக்காதீங்கண்ணே. ஹோம்வர்க் அதுலதான் வரும்."

"டீச்சர்கிட்ட சொன்னியாம்மா?" என்று கேட்டேன்.

அவள் திரையைத் தொட்டுக் காட்டினாள். சிரித்தவர்களில் டீச்சரும் இருந்தார்.

கடைக்காரர் அந்தக் குரூப்பின் சத்தம் மட்டும் வராமல் செய்து கொடுத்தார். காசு வாங்கவில்லை.

வேறென்ன செய்திருக்கலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். டீச்சர்மாரும் சொல்லலாம், சிரித்து முடித்த பிறகு.