சித்தியின் கழுத்தில் அம்மை

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஊருக்குக் கடிதம் எழுதவே கூச்சப்படுவேன். இதை எழுத உட்கார்ந்ததற்குப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். புது வாட்ச் கட்டி மணிக்கட்டு சிவந்துபோனதில் சித்தியின் ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது நாங்கள் பம்மலில் இருந்தோம். சித்தப்பாவும் புதிதாக வந்த சித்தியும் எங்களோடுதான். ஒரு சித்திரை வெயிலில் சித்தியின் கழுத்து சிவந்து, பொரிப்பொரியாகத் தடித்தது. அம்மா அதைப் பார்த்து வாய் திறப்பதற்குள், கோயில் பக்கமே போகாத சித்தப்பா வேப்பிலைக் கொத்தோடு வந்து நின்றார்.

"ஆத்தா வந்துகீறா அண்ணி. ஊசி கீசின்னு டாக்டராண்ட போயிடாதீங்க. கோச்சுக்குவா."

வாசலில் வேப்பிலை ஏறியது. வீட்டில் தாளிப்பு நின்றது. சித்திக்குத் தனிப் பாய். எனக்கு முந்தைய வருடமே அம்மை போட்டிருந்ததால் இளநீர் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலையானது.

அம்மாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. முதலில் சோப்பைச் சந்தேகப்பட்டாள். பிறகு சித்தியையே. "அடுப்படிக்கு வராம இருக்க நல்ல வழி" என்று அப்பாவின் காதைக் கடித்தாள். கடைசியில் ஏதாவது தொத்து வியாதியாக இருக்குமோ என்று பயந்து, "அவங்கம்மா வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்றாள்.

"அய்யோ, அதெல்லாம் வாணாம் அண்ணி!" என்று சித்தப்பா பதறினார். பெண்டாட்டி மேல் இவ்வளவு ஆசையா என்று அம்மாவே அசந்துபோனாள். சித்தியோ, அனுப்பினால் திரும்ப அழைத்துக்கொள்வார்களோ மாட்டார்களோ என்று சுவரைப் பார்த்து அழுதாள்.

எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. எனக்கு அம்மை போட்டபோது காய்ச்சல் கொதித்தது. நீர்க்கொப்புளம் வயிறு, முதுகு என்று பரவியது. சித்திக்குக் காய்ச்சலே இல்லை. ஓயாத அரிப்புதான். தோல் சொரசொரவென்று உரிந்தது. அதுவும் தாலிச் சங்கிலி படுகிற இடத்தில் மட்டும், கோடு கிழித்த மாதிரி.

"சித்தி, ஆத்தா சங்கிலி வழியாவே நடக்குறா" என்றேன்.

சித்தி சிரித்தாள். சட்டென்று நிறுத்திவிட்டு, சங்கிலியை விரலால் தூக்கிப் பார்த்தாள். கொக்கி விட்டுப்போயிற்று என்று போன மாதம் சித்தப்பா கடைக்கு எடுத்துப்போய், பளபளவென்று வாங்கி வந்திருந்தார்.

அன்று சாயங்காலம், அவர் வேலையிலிருந்து வருமுன், சித்தி என்னைக் கூட்டிக்கொண்டு தாம்பரத்துக்கு பஸ் ஏறினாள். அங்கே ஒரு லேடி டாக்டர் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மையும் இல்ல, ஒட்டுற வியாதியும் இல்லம்மா. கவரிங் ஒத்துக்கல. சிலருக்கு இப்படித்தான் சிவந்து அரிக்கும். சங்கிலிய மாத்திட்டு இந்த ஆயின்மென்ட் போடுங்க."

"கவரிங் இல்ல டாக்டர். தங்கம். எங்கப்பா போட்டது."

டாக்டர் சங்கிலியை ஒருமுறை பார்த்தார். மருந்துச் சீட்டை நீட்டினார்.

திரும்பும்போது சித்தி பஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். வியாதி இல்லை என்று டாக்டரே சொன்ன பிறகு என்ன அழுகை என்று எனக்கு விளங்கவில்லை. இனிமேல் வீட்டில் தாளித்த குழம்பு கிடைக்கும் என்று நான் சந்தோஷமாக வந்தேன்.

மறுநாள் சித்தியின் கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்தது. சித்தப்பா சாப்பிடாமல் வேலைக்குப் போனார். வாசல் வேப்பிலையை அம்மா எடுத்துப் போட்டாள்.